ஆறாம் மாடி அம்மம்மாவும் சிவப்பு எழுத்துப் போஸ்டரும்

வணக்கம் அண்ணா,

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், ஊடகக் கல்வி படிக்கிறேன். இறுதி ஒப்படைக்காக எங்கள் குழு 14 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறது. வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் ஆறாம் மாடியில் பேரனோடு வசிக்கும் ஒரு அம்மம்மா 2022 மின்வெட்டு நேரத்தில் லிப்டுக்குள் அகப்பட்டுக்கொள்கிறார். அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவே இல்லை. இரண்டு வருடம் கழித்து, பேரன் வெளிநாடு போகிற நாளில் கதை நடக்கிறது. அம்மம்மாவாக நடித்தவர் என் தோழியின் சொந்த அம்மம்மா.

படத்தோடு ஒரு போஸ்டர், ஒரு ட்ரெயிலர், சஞ்சிகையில் வருவது போல ஒரு பக்க விமர்சனம் மூன்றையும் நாங்களே செய்து கொடுக்க வேண்டும். பிறகு வெள்ளவத்தையில் ஒரு மண்டபம் எடுத்துத் திரையிடவும் யோசிக்கிறோம். குடும்பக் கதை என்று தெரிந்தால் யாரும் வரமாட்டார்கள் என்று குழுவில் எல்லாரும் சொன்னதால் கறுப்புப் பின்னணி, வெடித்த சிவப்பு எழுத்து, ஐந்து நடிகர்களின் முகம் என்று போஸ்டர் செய்திருக்கிறோம். ட்ரெயிலரில் லிப்ட் நிற்கும் காட்சியைத் திகில் படம் போல வெட்டியிருக்கிறோம். படத்தையும் இவற்றையும் இணைத்திருக்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு ஏதோ உறுத்துகிறது. கொஞ்சம் கூட்டிச் சொல்வது விளம்பரத்தில் வழக்கம்தானே அண்ணா?

ஒரு வாசகி


அன்புள்ள தங்கச்சி,

எல்லாவற்றையும் பார்த்தேன். படத்தின் பெயரைத் திரையிடலுக்கு முன் வெளியே சொல்ல வேண்டாம் என்று நீங்கள் கேட்டிருப்பதால் இங்கே எழுதவில்லை. உங்கள் உறுத்தல் சரியானது. போஸ்டர் செய்த பிள்ளைக்குக் கை நன்றாக ஓடுகிறது, நிறம் தெரிகிறது, எழுத்தை எங்கே வைப்பது என்று தெரிகிறது. ஆனால் அது வேறு ஒரு படத்தின் போஸ்டர். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்து வருகிறவன் ஒரு கொலையை எதிர்பார்த்து வருவான். ஐந்தாவது நிமிடத்தில் அம்மம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்கும்போது அவன் போனை எடுத்துவிடுவான். இந்தக் கதையை மனதார விரும்பியிருக்கக்கூடிய ஒரு பெண், தன் தாயையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கக்கூடியவர், அதே போஸ்டரைப் பார்த்து இது நமக்கில்லை என்று கடந்து போயிருப்பார். வந்தவனையும் இழக்கிறீர்கள், வரவேண்டியவரையும் இழக்கிறீர்கள்.

கூட்டிச் சொல்வது வழக்கம்தான், அதை நான் மறுக்கவில்லை. எதைக் கூட்டுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. படத்தில் இருக்கிற ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டலாம். படத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டினால், பார்க்க வந்தவர்களுக்கு நீங்கள் கொடுத்த முதல் வாக்கே பொய்யாகிவிடும்.

உங்கள் போஸ்டர் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அம்மம்மா பல்கனியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி மரக்கறிக்காரருக்கு இறக்குகிற அந்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஆறு மாடி நீளத்துக்கு ஒரு கயிறு, மேலே ஒரு கை, கீழே சின்னதாக ஒரு பை. போஸ்டர் நெட்டையான வடிவம், இந்தக் காட்சியும் நெட்டை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடியில் இருக்கிற யாருக்கும் இது சொல்லாமலே விளங்கும். இறங்க முடியாத ஒருவர் கீழே இருக்கிற உலகத்தோடு எப்படித் தொடர்பு வைத்திருக்கிறார் என்ற உங்கள் முழுக்கதையும் அந்தக் கயிற்றில் தொங்குகிறது. ஐந்து முகங்கள் தேவையே இல்லை. நடித்த மற்றவர்களுக்கு மனவருத்தம் வரும் என்று நீங்கள் பயப்படலாம். அவர்களின் பெயர்களைக் கீழே ஒழுங்காக, வாசிக்கக்கூடிய அளவில் போடுங்கள், அது போதும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் படத்திலிருந்து ஒரு பிரேமை வெட்டியெடுத்துத்தான் போஸ்டர் செய்திருக்கிறீர்கள், பெரிதாக்கும்போது அது உடைந்து தெரிகிறது. நீங்கள் 1920க்கு 1080 அளவில் படம் பிடித்திருக்கிறீர்கள். அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கிட்டால் அந்தப் பிரேம் 16 சென்டிமீட்டர் அகலம், 9 சென்டிமீட்டர் உயரம், அவ்வளவுதான் வரும். ஒரு போஸ்ட்கார்ட் அளவு. ஏ3 போஸ்டருக்கு 3508க்கு 4961 புள்ளிகள் வேண்டும். அதோடு வீடியோவில் ஒவ்வொரு பிரேமுக்கும் ஷட்டர் வழக்கமாக 1/50 வினாடி திறந்திருப்பதால் அசைகிற கை கொஞ்சம் கலங்கித்தான் பதியும். ஓடும்போது கண்ணுக்குத் தெரியாது, நிறுத்திப் பார்த்தால் தெரியும். போஸ்டருக்கான போட்டோவைப் படப்பிடிப்பு நாளிலேயே, ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஐந்து நிமிடம் ஒதுக்கித் தனியாக எடுத்திருக்க வேண்டும். அடுத்த படத்தில் குழுவில் ஒருவருக்கு இதை மட்டும் வேலையாகக் கொடுங்கள். இப்போதைக்கு அம்மம்மாவுக்கு ஏலுமென்றால் அதே சேலையோடு, அதே பல்கனியில் ஒரு மாலை நேரம் மறுபடி எடுங்கள். ஒன்று கீழே ரோட்டிலிருந்து மேலே பார்த்து, ஒன்று மேலேயிருந்து கீழே பார்த்து. எனக்கு மேலேயிருந்து பார்ப்பதுதான் பிடிக்கும், ஏனென்றால் அதுதான் அம்மம்மா பார்ப்பது.

அவருடைய முகம் தெரிகிற எதையும் வெளியே விடுவதற்கு முன் அவரிடமே காட்டிக் கேளுங்கள். நடிக்கச் சம்மதித்தவர் காலி வீதிக் கடைக் கண்ணாடியில் தன் முகம் ஒட்டப்படுவதற்கும் சம்மதித்தார் என்று நினைத்துவிடக் கூடாது.

எழுத்துக்கு வருவோம். உங்கள் போஸ்டரில் படத்தின் பெயரிலேயே கொம்பு இடம் மாறியிருக்கிறது, கவனித்தீர்களா? போட்டோஷொப்பில் யுனிகோட் தமிழைத் தட்டச்சும்போது அடிக்கடி வருகிற தொல்லை இது. எழுத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். பழைய பதிப்பு என்றால் அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவைப் போட்டுவிட்டுப் புதிய கோப்பில் தட்டச்சுங்கள், சரியாக வரும். இதற்குப் பயந்துதான் நம் அச்சகங்களில் இன்னும் பலர் பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துருவை விடாமல் இருக்கிறார்கள். அச்சுக்குப் பாமினி பரவாயில்லை, ஆனால் அதே வரியை யூடியூப்பிலோ பேஸ்புக்கிலோ கொண்டுபோய் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், யாரும் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் கட்டமரன், முக்த மலர், நோட்டோ போன்ற தமிழ் எழுத்துருக்களே உங்களுக்குப் போதும். வெடித்த எழுத்து வேண்டாம். இந்தக் கதையில் எதுவும் வெடிக்கவில்லை.

பெயருக்குக் கீழே 'ஒரு உணர்வுப் போராட்டம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வரி எந்தப் படத்துக்கும் உதவாது. 'இரண்டு வருடமாக அம்மம்மா தரைக்கு இறங்கவில்லை' என்று எழுதுங்கள். படத்தில் நடப்பதைத்தான் சொல்கிறது, ஆனால் ஏன் என்று கேட்க வைக்கிறது. அந்த வரியைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சிறிதாகப் போடுங்கள். இது கொழும்பு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தது எல்லாருக்கும் பொதுவான நினைவு, எந்த மொழிக்காரர் வீட்டிலும் லிப்டுக்குப் பயந்த ஒருவர் இருந்திருப்பார். சிங்கள வரியைக் கணினி மொழிபெயர்ப்பை நம்பிப் போடாமல் சிங்களம் வீட்டுமொழியாக உள்ள ஒரு நண்பரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள். நம் மொழியைப் பெயர்ப்பலகைகளில் பிழையாகப் பார்த்து எவ்வளவு மனம் நொந்திருக்கிறோம், அதை நாம் இன்னொருவருக்குச் செய்யக் கூடாது.

அப்புறம் அந்த இலை வளையங்கள். போஸ்டரின் மேல் பகுதியில் மூன்று விழாக்களில் தெரிவானது போல இலைச் சின்னம் போட்டிருக்கிறீர்கள், உள்ளே பெயர் எதுவும் இல்லை, 'அழகுக்காக' என்று குறிப்பும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அழித்துவிடுங்கள். ஒரு நாள் உண்மையாகவே ஒரு விழாவில் உங்கள் படம் தெரிவாகும்போது அந்த இலைக்கு மதிப்பு இருக்கவேண்டும்.

ட்ரெயிலர்தான் எனக்கு உண்மையான வருத்தம். லிப்ட் இருட்டாகும் காட்சியில் நீங்கள் படத்தில் செய்திருப்பது அருமை. திரை முழுக்கக் கறுப்பு, அம்மம்மாவின் மூச்சு மட்டும், வெளியிலிருந்து யாரோ "அம்மா, பயப்பிடாதேங்கோ, ஆள் வருது" என்கிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ட்ரெயிலரில் அதே இடத்தில் ஒரு பெரிய டமார் சத்தத்தைப் போட்டு அந்தக் குரலை மூடிவிட்டீர்கள். அந்தக் குரல்தான் உங்கள் படம்! பயமும் அதற்குள் இருக்கிறது, அன்பும் அதற்குள் இருக்கிறது. 14 நிமிடப் படத்துக்கு ஒன்றே முக்கால் நிமிட ட்ரெயிலர் மிக நீளம், பாதிக் கதை அதிலேயே போய்விடுகிறது, பேரன் பயணப்பையோடு லிப்டுக்கு முன் நிற்பதைக்கூடக் காட்டிவிட்டீர்கள். நாற்பது, நாற்பத்தைந்து வினாடி போதும். பல்கனியில் தொடங்குங்கள், கரையோர ரயில் போகிற சத்தம் கேட்கட்டும், கயிறு இறங்கட்டும், மரக்கறிக்காரர் மேலே பார்த்து "அம்மா, எப்ப கீழ வாறீங்க" என்று கேட்கட்டும். அம்மம்மா பதில் சொல்லாமல் கயிற்றை இழுக்கட்டும். பிறகு இருட்டு, மூச்சு, அந்தக் குரல். பெயர். இடம், தேதி. வெட்டுகளைக் கூட்டாதீர்கள். உங்கள் படம் மெதுவாகப் போகிறது, ட்ரெயிலரும் அந்த வேகத்திலேயே போகட்டும். வருகிறவர்கள் அந்த வேகத்துக்குத் தயாராகி வருவார்கள்.

பின்னணியில் போட்டிருக்கும் தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டை எடுத்துவிடுங்கள். உரிமை உங்களிடம் இல்லை, யூடியூப் அதைக் கண்டுபிடித்துச் சத்தத்தை நிறுத்தலாம், ஒப்படைக்குப் புள்ளி போடுகிறவரும் கேட்பார்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு நெட்டையான வடிவத்தில், 30 வினாடிக்குள் இன்னொரு வெட்டு செய்யுங்கள். அகலப் படத்தின் இரு பக்கத்தையும் வெறுமனே நறுக்காமல் ஒவ்வொரு ஷொட்டிலும் எது முக்கியமோ அதை நடுவில் கொண்டுவந்து மறுபடி அடுக்குங்கள். படம் இல்லாமல் ஒலியை மட்டும் வைத்தும் ஒன்று செய்து பாருங்கள். வானொலி கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அம்மம்மாவின் மூச்சும் அந்தக் குரலும் ஒரு குரல்செய்தியாகப் போனால் அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

விமர்சனப் பக்கம் மூன்றிலும் கடினமானது, அதில்தான் நீங்கள் மிகக் குறைவாக உழைத்திருக்கிறீர்கள். முழுக்கப் பாராட்டு. 'இயக்குநர் நம்மை உறைய வைக்கிறார்' என்றால் எந்த இடத்தில், எப்படி? வாசிக்கிறவர் நம்ப வேண்டுமென்றால் குறை ஒன்றையாவது பெயர் சொல்லி எழுத வேண்டும். உங்கள் படத்தில் பேரனின் காதலி வருகிற இரண்டு நிமிடம் தேவையில்லாதது என்று எனக்குத் தோன்றியது, அதை எழுதுங்கள். குழுவில் எடிட்டிங் செய்யாத, நடிக்காத ஒருவர் எழுதட்டும். பக்க அமைப்புக்கு நம்மூர்ச் சஞ்சிகைகளையே பாருங்கள். 1966இல் யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா தொடங்கி, பின்னால் கொழும்பிலிருந்து வந்த மல்லிகையின் பழைய இதழ்களைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அட்டையில் ஓர் எழுத்தாளரின், ஒரு கலைஞரின் முகத்தைப் போட்டு இதழ் இதழாகக் கொண்டுவந்தார்கள். வயதான ஒரு முகத்துக்கு அட்டையில் இடம் உண்டு என்று நம்பிய சஞ்சிகை அது. நீங்கள் பார்த்துச் செய்திருக்கும் ஆங்கிலச் சஞ்சிகை மாதிரியைவிட உங்கள் அம்மம்மாவுக்கு இதுதான் பொருந்தும்.

அச்சகத்துக்குப் போகும்போது கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். பென்டிரைவில் பிடிஎப்பாகக் கொண்டுபோங்கள், ஓரம் வெட்டும்போது போவதற்காகச் சுற்றிவர 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். திரையில் தெரிகிற கருநீலம் கடதாசியில் கறுப்பாகத்தான் விழும். முதலில் ஏ4இல் ஒன்று மட்டும் அடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நூறு போஸ்டர் தேவையில்லை. சுவர்களில் ஒட்ட வேண்டாம். மரக்கறிக்கடை, பார்மசி, புத்தகக்கடை, தொடர்மாடிகளின் லிப்டுக்குப் பக்கத்து அறிவித்தல் பலகை, இவற்றில் கேட்டு ஒட்டுங்கள். அதிலும் லிப்டுக்குப் பக்கத்தில் அந்தக் கயிற்றுப் படம் இருந்தால், லிப்ட் வரும்வரை நிற்கிற எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள்.

தேதி குறிக்கும்போது சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலங்களைத் தவிருங்கள். ஆகஸ்டில் வைத்தால் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விடுவார்கள், ஆடிவேல் தேர் காலி வீதியில் வருகிற நாளில் வெள்ளவத்தைப் பக்கம் பஸ்ஸில் வருவதே பாடு. பொதுமக்களுக்குக் காட்டுவதென்றால் தணிக்கைச் சபையின் அனுமதி பற்றி உங்கள் விரிவுரையாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள், கடைசி வாரத்தில் ஓட முடியாது. மண்டபம் மேல்மாடியில் என்றால் எத்தனை படி, லிப்ட் உண்டா என்பதை நோட்டீசிலேயே போடுங்கள். இந்தப் படத்துக்கு அம்மம்மாமார் வருவார்கள், அவர்களுக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான்.

புதிய போஸ்டர் தயாரானதும் அனுப்புங்கள். இடமும் தேதியும் முடிவானால் இந்தத் தளத்தில் போடுகிறேன், நானும் வருகிறேன்.

அன்புடன்,
அண்ணா