நகையை அடகு வைத்துக் கெமரா வாங்கலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து 21 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத நிலையில், கைப்பேசியில் தாம் எடுக்கும் படங்களை எல்லோரும் மெச்சுவதால் புகைப்படத் துறையையே தொழிலாக்க நினைக்கிறார். தாயார் நகையை அடகு வைத்துக் கெமரா வாங்கித் தர ஆயத்தமாக இருக்க, தகப்பனாரோ அரசாங்க வேலைக்கு விண்ணப்பிக்கும்படி வற்புறுத்துகிறார். “மட்டக்களப்பில் இந்தத் தொழிலை நம்பி வாழ முடியுமா? ஒரு பெண்ணுக்கு இது சரிவருமா?” என்று கேட்கிறார்.

இரண்டுக்கும் ஆம் என்றே பதில் சொல்வேன். ஆனால் நகை இப்போதைக்கு அலுமாரியிலேயே இருக்கட்டும். எந்த வேலை உங்களுக்குக் கிடைக்கும் என்று தெரியுமுன் எந்தக் கெமரா தேவை என்று எவராலும் சொல்ல முடியாது. கல்லடிப் பாலத்துச் சூரிய உதயம் உங்களுக்குப் பாராட்டைத் தரலாம். கடை வாடகையைக் கட்டுவது கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி ஆகியவற்றோடு, அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் எடுக்கும் படங்களுந்தான். இந்தப் படங்களைப் பதிவு பெற்ற ஸ்டூடியோக்களிலேயே எடுக்க வேண்டும் என்றிருப்பதால், சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னர் அடையாள அட்டை பெற வரும் பிள்ளைகளால் மட்டும் பல சிறிய ஸ்டூடியோக்களின் அன்றாடச் செலவு சமாளிக்கப்படுகிறது. கலை என்று நினைத்து வருபவர்களுக்கு இது சலிப்பைத் தரும் என்பதை நானும் அறிவேன்.

வருமானத்தை மாதக் கணக்கில் பார்க்காதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணங்கள் இல்லை என்றே சொல்லலாம்; நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளிலும் தவக்காலத்தில் கிறிஸ்தவ வீடுகளிலும் வைபவங்கள் அரிது; நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை மழை வெளிப்புறப் படப்பிடிப்பைக் கெடுத்துவிடும். ஆனால் அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை நீடிப்பதால், ஆடி மாதத்து வெற்றிடத்தை அங்குள்ள விடுதிகளின் அறைகளையும் உணவுகளையும் படமெடுத்துக் கொடுத்து ஓரளவு நிரப்பலாம்.

பெண் என்பதை நீங்கள் தடையாக எழுதியிருக்கிறீர்கள். இங்கு அதுவே உங்கள் மூலதனம். மணமகளுக்குச் சேலை உடுத்தும் அறை, சாமத்தியப்பட்ட பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும் முற்றம், காத்தான்குடியிலும் கல்முனையிலும் நடக்கும் கல்யாணங்களில் பெண்கள் பகுதி ஆகியவற்றுக்குள் ஆண் படப்பிடிப்பாளர் தயங்கித் தயங்கியே போக வேண்டியிருக்கும், அல்லது போகவே முடியாது. இரவு வீடு திரும்புவதுதான் உண்மையான சிக்கல். அதற்கான வாகனச் செலவை முதற் பேச்சிலேயே கட்டணத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

முதலில் ஏதாவது ஒரு ஸ்டூடியோவில் ஒரு வருடம் உதவியாளராக இருங்கள். லைட் ஸ்டாண்ட் பிடிப்பதும் படங்கள் பதிவாகும் மெமரி கார்ட் மாற்றிக் கொடுப்பதுமே பெரும்பாலும் வேலையாக இருக்கும்; ஆனாலும் தாலி கட்டும் சில வினாடிகளில் மாமியின் அட்சதைக் கைக்கும் வீடியோக்காரரின் தோளுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை எந்த வகுப்பிலும் கற்க முடியாது. என் முதல் வருடத்தில், டியூப் லைட் எரிந்த மண்டபமொன்றில் ஷட்டர் 1/400 வினாடி மட்டுமே திறந்திருக்கும் வேகத்தில் படமெடுத்து, மணமகளின் முகத்தில் மஞ்சளும் இருட்டுமாகப் பட்டைகள் விழுந்த அல்பத்தை நானே கொடுக்க நேர்ந்தது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 சுற்று; ஒவ்வொரு சுற்றிலும் இரு தடவை மங்குவதால் அத்தகைய விளக்கு வினாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. 1/100 அல்லது 1/50 வினாடி வைத்திருந்தால் ஒரு முழுத் துடிப்பு படத்தில் அடங்கி, பட்டை விழுந்திராது. அந்தக் குடும்பத்தினர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

கட்டணம் வைக்கும்போது கெமராவின் தேய்மானத்தையும் சேருங்கள். லென்ஸ் மாற்றக்கூடிய நடுத்தர டி.எஸ்.எல்.ஆர். கெமராக்கள் பலவற்றின் ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) 100,000 முதல் 150,000 படங்கள் வரை தாங்கும் எனச் சோதிக்கப்பட்டது. ஒரு கல்யாணத்துக்கு 2,500 படங்கள் வீதம் வருடத்தில் 30 கல்யாணங்கள் எடுத்தால் 75,000 ஆகிவிடும். இரண்டு வருடத்தில் ஷட்டரை மாற்றும் செலவை எதிர்பார்க்க வேண்டும். “நண்பிதானே” என்று பாதி விலைக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. முற்பணம், அல்பத்தின் பக்கங்கள், கொடுக்கும் திகதி ஆகியவற்றை எழுத்தில் வாங்குங்கள். இரண்டு இடங்களில் பிரதி எடுக்குமுன் கார்டை அழிக்காதீர்கள்.

சொந்தமாக வாங்கும் நாள் வரும்போது, பழைய கெமராவாக இருந்தாலும் இரண்டு கார்ட் போடக்கூடியதைத் தேர்ந்து, மிச்சப் பணத்தை மங்கிய வெளிச்சத்திலும் படமெடுக்க உதவும், எஃப் 1.8 அளவுக்கு அகலமாகத் திறக்கும் 50 மி.மீ. லென்ஸுக்கும் ஒரு நல்ல ஃபிளாஷுக்கும் செலவிடுங்கள். வாவிக்கரை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும். ட்ரோன் வேண்டாம், சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகளுக்கு உட்பட்ட அந்த வேலையைப் பின்னர் பார்க்கலாம்.

அப்பா சொல்லும் விண்ணப்பங்களையும் நிரப்பி அனுப்புங்கள். உதவியாளர் வேலை பெரும்பாலும் வார இறுதியிலும் முகூர்த்த நாட்களிலுமே வரும் என்பதால், வாரநாட்களில் போட்டிப் பரீட்சைக்குப் படிக்க நேரம் கிடைக்கும்.