தொட்டிலிலிருந்து கட்டிலுக்கு எப்போது மாற்றலாம்?

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது பத்து மாதம். நான்கு பக்கமும் கம்பித் தடுப்பு உள்ள மரத் தொட்டிலில் தூங்குகிறான். போன வாரம் தடுப்பின் மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டதைப் பார்த்தேன். நான் இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அடுத்த குழந்தைக்குத் தொட்டில் தேவைப்படும், இவனை இப்போதே கட்டிலுக்கு மாற்றிவிடலாம் என்கிறார் கணவர். இரவில் எழுந்து நடமாடுவானோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தடுப்பைத் தாண்டி அவனால் வெளியே வர முடியுமா என்பதை வைத்தே முடிவெடுங்கள். முடியும் என்றால் இன்று இரவே மாற்றியாக வேண்டும். அந்த உயரத்திலிருந்து விழும் குழந்தை பெரும்பாலும் தலைகீழாகத்தான் விழும். முடியாது என்றால் அவசரமே இல்லை. மூன்று வயதை ஒட்டி மாற்றுவதுதான் நல்லது என்பது எங்கள் கருத்து. "எழுந்து வரக்கூடாது" என்று பகலில் சொன்னால் இந்த வயதுக் குழந்தைக்குப் புரியும். ஆனால் நள்ளிரவில் விழிப்பு வரும்போது அதை நினைவில் வைத்து, ஆசையை அடக்கிப் படுத்திருக்கும் பக்குவம் இன்னும் வந்திருக்காது. இப்போது அந்த வேலையைத் தடுப்பு செய்கிறது.

முதலில் அளந்து பாருங்கள். மெத்தையைக் கடைசித் தட்டுக்கு இறக்கிவிட்டு, அவனைத் தொட்டிலுக்குள் நிமிர்ந்து நிற்க வையுங்கள். தடுப்பின் மேல்விளிம்பு அவன் மார்புக் காம்புக்குக் கீழே இருந்தால் தொட்டிலின் காலம் முடிந்தது. குழந்தை 90 செ.மீ. உயரத்தைத் தொட்டாலும் அப்படியே. ஒரு வயது பத்து மாத ஆண் குழந்தையின் சராசரி உயரம் ஏறக்குறைய 86 செ.மீ. என்பதால் உங்கள் மகன் அந்த எல்லைக்கு அருகில் இருக்கலாம்.

கால் போட்டதும் ஏறி வெளியே வந்ததும் ஒன்றல்ல. பல நேரங்களில் கால் எட்டுவதற்கு நாமே படி வைத்துக் கொடுத்திருப்போம். பெரிய பொம்மை, தலையணை, ஓரத்தில் கட்டிய மெத்தைத் துணி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். காலை அகட்ட முடியாதபடி பை போலத் தைத்த தூக்க உடை போட்டால் பல குழந்தைகள் ஏறுவதை விட்டுவிடுகிறார்கள். ஜிப்பை அவனே அவிழ்த்தால் அது முதுகுப் பக்கம் வரும்படி போடுங்கள். இரண்டு காரியங்களை மட்டும் செய்யாதீர்கள். தொட்டிலின் மேல் வலை கட்டாதீர்கள், கழுத்து சிக்கிக்கொள்ளும். இன்னும் தாழ்வாக இருக்கட்டும் என்று அடித்தட்டைக் கழற்றி மெத்தையைத் தரையில் போடாதீர்கள். அப்படிச் செய்தால் தடுப்பின் அடிச்சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு சந்து உருவாகும். குழந்தையின் உடல் அதில் நுழையும், தலை மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருமுறை வெளியே வந்துவிட்டான் என்றால், வயதைப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். கட்டில் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். அவனுடைய அதே மெத்தை, அதே விரிப்பு, தரையில். சுவரை ஒட்டிப் போடாமல் நன்றாகத் தள்ளிப் போடுங்கள், ஏனென்றால் உருண்டுபோய் சுவருக்கும் மெத்தைக்கும் இடையில் சிக்குவதுதான் ஆபத்து. தரை ஈரம் மெத்தையில் ஏறிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் காலையில் தூக்கி நிறுத்தி வையுங்கள். பெரியவர்கள் கட்டிலில் மாட்டும் தடுப்புப் பலகையை இரண்டு வயது ஆகும்வரை பயன்படுத்த வேண்டாம். பிறகு மாட்டினாலும் கையால் அழுத்திப் பாருங்கள். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் அது உதவாது.

தடுப்பு போய்விட்டால் அந்த அறை முழுவதும் அவனுக்குத் தொட்டில். எனவே மாற்றுவதற்கு முன் அறையில் மண்டியிட்டு, அவன் கண் உயரத்திலிருந்து சுற்றிப் பாருங்கள். இழுப்பறை அலமாரிதான் பெரிய எதிரி. இழுப்பறைகளைத் திறந்து படியாக்கி ஏறினால் மொத்த அலமாரியும் மேலே சாயும். அலமாரியின் மேற்பகுதியை 'எல்' வடிவக் கிளாம்ப் போட்டுச் சுவரோடு திருகிவிடுங்கள். ஜன்னல் திரையின் தொங்கும் கயிறு கைக்கு எட்டக்கூடாது. ஜன்னல் 10 செ.மீ.க்கு மேல் திறக்காதபடி தடை போடுங்கள், அதன் கீழே கட்டிலோ நாற்காலியோ வேண்டாம். குளியலறைக்கு வெளித்தாழ்ப்பாள், மாடிப்படிக்குக் கேட். அவன் அறைக்கதவை வெளியிலிருந்து பூட்டுவதை நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். தீ போன்ற அவசரத்தில் அது உயிருக்கு ஆபத்து. வாசலில் குழந்தைக் கேட் மாட்டுங்கள், கதவு திறந்தால் உங்களுக்குக் கேட்கும்படி ஒரு மணியும் கட்டுங்கள்.

இப்போது கணவரின் கணக்குக்கு வருவோம். பிரசவத்துக்கு இன்னும் நான்கு மாதம். பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் சிறிய பிறந்த குழந்தைத் தொட்டிலிலேயே தூங்கலாம். உருளத் தொடங்கும்போதுதான் பெரிய தொட்டில் வேண்டும். அதற்குள் மூத்தவனுக்கு இரண்டரை வயது ஆகிவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பிரசவத்துக்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே மாற்றுங்கள், இல்லையென்றால் பிறந்து சில மாதம் கழித்து. பிரசவத்தை ஒட்டி மாற்றினால் தன் இடத்தைத் தம்பியோ தங்கையோ பறித்ததாகத்தான் அவன் எடுத்துக்கொள்வான். தொட்டிலைக் கழற்றிச் சில வாரம் கண்ணில் படாமல் வைத்துவிட்டுப் பிறகு இளையவனுக்குப் போடுங்கள். கழிப்பறைப் பழக்கத்தையும் இதே நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

மாற்றும் இரவில் நேரம், குளியல், கதை, விளக்கணைப்பு எதுவும் மாறக்கூடாது. முதல் இரவுகளில் பத்துப் பதினைந்து முறைகூட எழுந்து வரலாம். ஒவ்வொரு முறையும் விளக்குப் போடாமல், "தூங்குற நேரம் கண்ணு" என்ற ஒரே வாக்கியத்தோடு கொண்டுபோய்ப் படுக்க வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் கெடுவது எட்டாவது முறையில்தான். அசதியில் நாமும் பக்கத்தில் படுத்துவிடுவோம், அல்லது பால் கொடுப்போம். எட்டு முறை வந்தால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்கிறான், மறுநாள் ஒன்பதாவது முறையும் வருவான். நீங்கள் கர்ப்பிணி, அதனால் இந்த இரவு வேலையைக் கணவர் எடுத்துக்கொள்ளட்டும்.

இரண்டு வாரத்தில் பெரும்பாலும் பழகிவிடும். மூன்று வாரம் ஆகியும் தூக்கம் கெட்டுக்கொண்டே இருந்தால், ஒருமுறைகூடத் தடுப்பைத் தாண்டாத குழந்தையாக இருந்து, உயரமும் அந்த அளவுக்குள் இருந்தால், தயங்காமல் தொட்டிலுக்கே திருப்பிவிடுங்கள். இரண்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி முயலலாம். ஏறித் தாண்டியவனை மட்டும் மறுபடி உள்ளே விடாதீர்கள்.