ஸ்டோருக்குப் பின்னால் நிற்கும் டிரான்ஸ்ஃபோமர்

கேள்வி: ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம், ஜெனீவா கூட்டம் என்று இருபது வருஷமாகப் பேசுகிறார்கள். கிளைபோசேட் களைகொல்லியை 2015இல் தடுத்தார்கள், 2018இல் தேயிலைக்குத் திரும்ப விட்டார்கள். ஒப்பந்தத்தால் தோட்டத்துக்கு என்ன பிரயோசனம்?
- வாசகர், டிக்கோயா

பதில்: வழக்கைத் தப்பான கோட்டில் போட்டிருக்கிறீர்கள். ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் தடுக்கும் அல்லது கட்டுப்படுத்தும், எளிதில் அழியாத நச்சுப் பொருள்களின் பட்டியலிலேயே கிளைபோசேட் இல்லை. பட்டியலில் ஏற வேண்டுமானால் பொருள் எளிதில் சிதையக் கூடாது: பாதியாகக் குறையவே நீரில் 2 மாதத்துக்கு மேல் அல்லது மண்ணில் 6 மாதத்துக்கு மேல் பிடிக்க வேண்டும். உயிர்களின் உடலில் சேர வேண்டும், போட்ட இடத்தை விட்டு நெடுந்தூரம் போகவும் வேண்டும். கிளைபோசேட் உடல் கொழுப்பில் தங்குவதில்லை. அதற்காக அது பாலுமல்ல. அந்தச் சண்டை வேறு.

2001இல் 12 பொருள்களோடு தொடங்கிய ஒப்பந்தம் இது. இலங்கை 2005இல் ஏற்றது. அந்தப் பன்னிரண்டில் ஒன்றான டீல்ட்ரின் பூச்சிமருந்தை மலையகம் அறியும். 1950களில் தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டுக்கு அதை அடித்தார்கள். இலைசுருட்டிப் புழுவை அடக்கவென்று 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட குளவியும் சேர்ந்து செத்தது. பிறகு புழு பெருகாமல் என்ன செய்யும்?

டீல்ட்ரின் போய்விட்டது. பன்னிரண்டில் இன்னொன்றான பிசிபி, டிரான்ஸ்ஃபோமரைக் குளிர்விக்க ஊற்றிய நச்சு எண்ணெய், இன்றும் ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) பின்னால் நிற்கலாம், பழைய டிரான்ஸ்ஃபோமருக்குள். பெயர்த்தகட்டில் அஸ்கரெல், அரோக்ளோர் என்ற பிசிபி எண்ணெய்ப் பெயர்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ‘மினரல் எண்ணெய்’ என்று இருந்தால் நிம்மதி என்று நினைப்பதுதான் பிழை. எண்ணெய் வடிகட்ட வருபவர் ஒரே பம்பையும் குழாயையும் பல டிரான்ஸ்ஃபோமர்களுக்கு மாட்டுவார். ஒன்றின் பிசிபி அடுத்ததற்குப் போகும். எண்ணெயைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கும் வழக்கமும் உண்டு. சுத்த பிசிபி தண்ணீரைவிடக் கனமானது, மூழ்கும். கலப்பட எண்ணெயோ மிதக்கும், மிதந்துகொண்டே ஏமாற்றும். கவனிக்க வேண்டிய அளவு பத்து லட்சத்தில் 50 பங்கு. அது ஆய்வுகூடத்தில்தான் தெரியும்.

முதலில் அது தோட்டத்துடையதா, மின்சார சபையுடையதா என்று கேளுங்கள். தோட்டத்துடையதென்றால் மின்னைத் துண்டித்தபின் எலெக்ட்ரீஷியன் ஆய்வுக்கு மாதிரியை அடிவால்விலிருந்து எடுக்கட்டும்: முதலில் வரும் அழுக்கெண்ணெயைத் தனியே பிடித்து மூடிவைத்து, அடுத்ததைச் சுத்தமான கண்ணாடிப் போத்தலில் பிடிக்க வேண்டும். கையுறை கட்டாயம்.

பிசிபி இருந்தால் புது எண்ணெய் ஊற்றிக் கணக்கை முடிக்கப் பார்ப்பார்கள். முடியாது. உள்ளேயிருக்கும் கடதாசியும் மரமும் பழைய எண்ணெயை ஊறவைத்திருக்கும். சில மாதங்களில் அது திரும்பக் கசிந்து புது எண்ணெயையும் கெடுக்கும். அடுப்பிலோ குப்பை நெருப்பிலோ எரித்தால் டையொக்சின், ஃபியூரான் என்ற நச்சுகள் பிறக்கும். இரண்டும் அதே பன்னிரண்டில் உள்ளவை. இதை அழிக்க 1100 பாகை செல்சியஸுக்கு மேல் எரியும் உலை வேண்டும். ஒழுக்கு இருந்தால் கீழே தட்டு வைத்து, மரத்தூள் போட்டு உறிஞ்சி எடுங்கள். பைப்பைப் பிடித்துக் கழுவினால் அது கானில் இறங்கி, ஆற்றோடு காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கும், அங்கிருந்து களனி கங்கைக்கும் போகும். கொழும்பு குடிப்பது அந்தக் களனித் தண்ணீரைத்தான்.

பிசிபி உள்ள உபகரணங்களைப் பாவனையிலிருந்து எடுக்க ஒப்பந்தம் வைத்த கெடு 2025. முறைப்படி அழிக்க 2028. பழைய எண்ணெய்க்கு விலை பேசி வெல்டிங் கடைக்காரர் வந்தால், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அபாயக்கழிவு உரிமத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு போத்தல்கூடக் கொடுக்க வேண்டாம்.