பாம்புக்கடியும் அவசர சிகிச்சைப் பிரிவும்: திருகோணமலையிலிருந்து கேள்வி பதில்

தம்பலகாமம், விவசாயி: வயலுக்க கடிச்சா காலைக் கயிற்றால இறுக்கிக் கட்டிக்கொண்டு வரலாமா டொக்டர்?

கட்டவே வேண்டாம் ஐயா. இறுக்கிக் கட்டினால் இரத்தம் ஓடாமல் கட்டுக்குக் கீழே தசை செத்துப்போகும். கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம். மோதிரம், கொலுசை உடனே கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழறாது. காலை அசைக்காமல் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்து வாருங்கள்.

மூதூர்: பாம்பை அடிச்சுக் கொண்டு வரவேணுமா?

வேண்டாம். வெட்டிய தலையும் கடிக்கும். தூர நின்று போனில் படம் எடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் வந்துவிடுங்கள்.

கிண்ணியா, ஒரு தாய்: ராத்திரி பாயில படுத்த மகன் விடியக் கடும் வயிற்றுவலி எண்டு அழுறான். கடிவாய் ஒண்டும் தெரியேல்ல.

இதை வாசித்தவுடன் கூட்டிக்கொண்டு வாருங்கள் அம்மா. கட்டுவிரியன் தூங்குபவரைக் கடிக்கும். வலி, வீக்கம் இல்லாமலும் இருக்கலாம். வயிற்றுவலிக்குப் பிறகு கண்மடல் சரியும், பேச்சுக் குழறும், விழுங்க முடியாது, கடைசியில் மூச்சுத் தசை நிற்கும். வாட்டில் நாங்கள் பார்ப்பது: தலையணையிலிருந்து தலையைத் தூக்குகிறாரா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ணுகிறார். எண்ணிக்கை குறைந்துகொண்டு வந்தால் இரத்த ஒட்சிசன் இறங்கும்வரை காத்திருக்கக்கூடாது. குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைக்க வேண்டும். நரம்பு நுனி சேதமான பிறகு விஷமுறிவு மருந்து அதைத் திருப்பாது. நாட்கணக்கில் மூச்சுக் கொடுத்தால் நரம்பு தானே தேறும். கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் இருந்தாலும் மூளை செத்தது என்று முடிவெடுக்காதீர்கள். அவருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பயிற்சி மருத்துவர்: விஷமுறிவு மருந்து எத்தனை குப்பி, எப்படி?

கடித்ததற்காகக் கொடுப்பதில்லை, விஷம் உடலில் பரவிய அறிகுறி இருந்தால் மட்டும். பொதுவாக 10 குப்பி. கண்ணாடி விரியன் எனும் புடையன் கடித்திருந்தால் 20. ஒவ்வொன்றையும் 10 மில்லிலீற்றர் நீரில் மெதுவாகச் சுழற்றிக் கரையுங்கள், குலுக்கினால் நுரைக்கும். செலைனில் கலந்து ஒரு மணித்தியாலத்தில் ஏற்றுங்கள். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனெனில் பாம்பு விட்ட விஷம் குறைவதில்லை. தொடங்குமுன், ஒவ்வாமையைத் தவிர்க்க, பெரியவருக்கு 1:1000 அட்ரினலின் 0.25 மில்லிலீற்றர் தோலுக்கடியில். ஒவ்வாமை வந்தால் மருந்தை நிறுத்தி, பெரியவருக்கு 0.5 மில்லிலீற்றர் தொடைத் தசையில். தணிந்ததும் மறுபடி ஏற்றுங்கள். குழிவிரியன் கடிக்கு, இந்தியாவில் செய்யப்படும் இந்த விஷமுறிவு மருந்து பயனில்லை.

தாதி, கந்தளாய்: இரத்தம் உறையுதா எண்டு பார்க்கிற கண்ணாடிக் குழாயைச் சவர்க்காரம் போட்டுத்தான் கழுவி வைக்கிறம். சரிதானே?

சரியில்லை தங்கச்சி. புடையன் விஷம் ஏறினால் இரத்தம் உறையாது, அதைப் பிடிக்கத்தான் இந்தச் சோதனை. கண்ணாடி மேற்பரப்பு தொட்டுத்தான் உறைதல் தொடங்குகிறது. சவர்க்காரப் படிவு அதைத் தடுக்கும், பிளாஸ்டிக்கிலும் அது ஒழுங்காகத் தொடங்காது. நல்ல இரத்தமும் உறையாததுபோல் தெரிந்து, தேவையில்லாத மருந்து ஏறும். புதிய, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒருமுறை சரியுங்கள். இடையில் ஆட்டிப் பார்க்கக்கூடாது. சந்தேகமென்றால் கூட வந்த நலமான ஒருவரின் இரத்தத்தையும் அதேவகைக் குழாயில் வைத்துப் பாருங்கள்.

ஆய்வுகூடத்திலிருந்து ஒருவர்: இரத்தம் உறைவதை அளக்கும் ஐஎன்ஆர் எனும் ஆய்வுகூடச் சோதனை இருக்கும்போது இந்தக் குழாய் எதற்கு? பிழை விடுற சோதனையை ஏன் பரப்புறீங்கள்?

ஐஎன்ஆர் கிடைத்தால் அதையே நம்புங்கள். இலேசான உறைவுக்குறையைக் குழாய் தவறவிடும் என்பதும் உண்மை. ஆகவே உறைந்தது என்று வீட்டுக்கு அனுப்பாமல் திரும்பத் திரும்பப் பாருங்கள். ஆனால் ஆய்வுகூடம் பூட்டிக் கிடக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் இரவு 2 மணிக்கு வேறென்ன உண்டு?

அதே நபர்: அப்ப மருந்து ஏத்தி ஒரு மணித்தியாலத்தில திரும்பப் பார்த்தா?

6 மணித்தியாலம் பொறுங்கள். ஈரல் உறைவுக் காரணிகளைப் புதிதாகச் செய்ய அவ்வளவு நேரம் எடுக்கும். முந்திப் பார்த்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று தவறாக இன்னும் ஏற்றுவீர்கள். அதுவரை தசையில் மற்ற ஊசிகள் வேண்டாம், டைக்குளோபினக் வேண்டாம். வலிக்குப் பனடோல்.

குச்சவெளி, மீனவர்: வலையில வலக்கடியன் எண்ட கடற்பாம்பு கடிச்சா?

வலி குறைவென்று தொழிலைத் தொடராதீர்கள். உடம்பெல்லாம் தசைநோவு, தாடை இறுக்கம், கறுத்த சிறுநீர் வந்தால் சிறுநீரகமும் இதயமும் ஆபத்தில். இங்குள்ள மருந்து கடற்பாம்புக்கு உதவாது. இரத்தத்தில் பொட்டாசியத்தைப் பார்த்து, செலைன் கொடுத்துக் காப்போம்.

ஈச்சிலம்பற்று: பரியாரியார் கட்டச் சொல்றார், மெல்லமாக் கட்டினா?

முதல் பதிலைப் பாருங்கள். கட்டாதீர்கள்.

நிலாவெளி: நாய்க்குப் பாம்பு கடிச்சா?

மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.