நைட் ஷிப்ட், கால் குடைச்சல், தள்ளிப்போகும் மாதவிடாய்: முதலில் எதைக் கவனிப்பது?

கேள்வி: எனக்கு வயது 34. திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் கியூ.சி. பிரிவில் வேலை பார்க்கிறேன். வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும். நைட் ஷிப்ட் வாரத்தில் காலை ஏழரைக்குப் படுத்தால் பன்னிரண்டரைக்கு எழுந்துவிடுவேன். ஐந்து மணி நேரத் தூக்கம் பழகிப்போய்விட்டது. இரண்டு வருஷத்தில் எட்டு கிலோ கூடிவிட்டேன். மாதவிடாய் 45, 50 நாள் தள்ளிப் போகிறது. வந்தால் எட்டு நாள், அதுவும் அதிகமாக. படுத்ததும் இரண்டு காலும் குடைகிறது, ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் நிம்மதி. மறதி வந்துவிட்டது, பிள்ளைகள் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன். முடி கொட்டுவதால் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். முட்டை உண்டு, கறி மீன் இல்லை. நாளைக்கு ஐந்தாறு டீ. போன மாதம் நைட் ஷிப்ட் முடிந்த கையோடு லேபில் ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். 6.2 வந்தது. ஹீமோகுளோபின் 9.4, கொஞ்சம் கம்மி என்றார்கள். தைராய்டு மாத்திரை ஆரம்பிக்கலாமா? கூட வேலை செய்பவர் தூக்க மாத்திரை தருகிறேன் என்கிறார். மெலட்டோனின் வாங்கிச் சாப்பிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவுதான் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன இன்னொரு எண்: ஹீமோகுளோபின் 9.4. அது "கொஞ்சம் கம்மி" இல்லை. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 11-க்குக் கீழே என்றால் நடுத்தர அளவு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே லேபிலும் வீட்டிலும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

நீங்கள் தனித்தனியாக எழுதிய தொந்தரவுகள் பலவற்றுக்கு இரும்புச்சத்துக் குறைவு அடியில் இருக்கலாம். படுத்ததும் கால் குடைவது, ஆட்டினால் அடங்குவது, ராத்திரிப் பொழுதிலோ ஓய்வெடுக்கும்போதோ மட்டும் வருவது: இதை நாங்கள் அமைதியற்ற கால் நோய் என்போம். மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்கும் நொதி வேலை செய்ய இரும்பு தேவை. மூளையில் இரும்பு குறையும்போது இந்தக் குடைச்சல் வருகிறது. தூங்கப் போகும் நேரத்தில் கால் தூங்கவிடாது. தைராய்டு சுரப்பியில் ஹார்மோன் உருவாக்கும் நொதிக்கும் இரும்பு வேண்டும். ஆகவே இரும்பு குறைந்தால் தைராய்டும் தளரும். முடி கொட்டுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், பயோட்டின் என்ற வைட்டமின் அதற்கு ஒன்றும் செய்யாது.

இரும்பு எங்கே போகிறது? மாதவிடாய் எட்டு நாள் அதிகமாகப் படுகிறது என்கிறீர்கள். சேமிப்பு அங்கேதான் கரைகிறது. உள்ளே வருவதோ குறைவு. இந்தியப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது. கறி, மீன் இல்லாத சாப்பாட்டில் இருக்கும் இரும்பு உடம்பில் எளிதில் ஒட்டாது. போதாக்குறைக்கு சாப்பாட்டோடு டீ. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு குடலில் உறிஞ்சவிடாது. இட்லி முடிந்ததும் டம்ளரில் சூடாக டீ குடிப்பது நம் ஊரில் எல்லார் வீட்டிலும் உள்ள பழக்கம். அந்த ஒரு டம்ளரைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். டீயை விடச் சொல்லவில்லை. அதன் நேரத்தை மாற்றினாலே போதும்.

இப்போது டி.எஸ்.எச். பற்றி. தைராய்டு தளர்ந்தால் இது ஏறும். இந்த ஹார்மோன் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நள்ளிரவுக்குப் பிறகு உச்சத்துக்குப் போய், பகலில், முக்கியமாக மதியத்துக்குப் பிறகு, குறையும். தூங்கினால் அந்த உச்சம் அடங்கும். விழித்திருந்தால் இன்னும் ஏறும். ராத்திரி முழுக்க விழித்துவிட்டு காலை ஆறரைக்கு ரத்தம் கொடுத்தால் எண் நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்ட வாய்ப்புண்டு. பயோட்டின் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இழுக்கும். சில இயந்திரங்களில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் தைராய்டு ஹார்மோனைக் கூட்டியும் காட்டிவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டும் கலந்திருப்பதால் அந்த 6.2-ஐ வைத்து வாழ்நாள் மாத்திரை ஆரம்பிக்க நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பகல் ஷிப்ட் வாரம் வரட்டும். குறைந்தது மூன்று நாள் பயோட்டினை நிறுத்துங்கள். இரண்டு மூன்று இரவு ஒழுங்காகத் தூங்கிவிட்டு காலை எட்டு, ஒன்பது மணிக்கு டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்), தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புரதம் மூன்றும் பாருங்கள். டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் சிகிச்சை தேவைப்படலாம். அதற்குக் கீழே, ஃப்ரீ டி4 சரியாக இருந்தால், பெரும்பாலும் பொறுத்திருந்து பார்க்கலாம். குழந்தைக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால் கணக்கு வேறு, அதை உங்கள் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அதே ரத்தத்தில் ஃபெரிட்டின், வைட்டமின் பி12 இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஃபெரிட்டின்தான் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஃபெரிட்டின் 30 என்று வந்தால் லேப் தாளில் "நார்மல்" என்றே அச்சாகியிருக்கும். கால் குடைச்சல் உள்ளவருக்கு அது போதாது. 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள் தூக்க மருத்துவ நிபுணர்கள். பி12 அசைவத்திலும் பாலிலும் முட்டையிலும்தான் உண்டு. உங்களைப் போல் சாப்பிடுபவர்களுக்கு அது குறைந்தால் மறதியும் மனச்சோர்வும் கைகால் மரமரப்பும் வரும். சர்க்கரையைப் பார்க்க எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) மட்டும் எடுக்காதீர்கள். இரும்புக் குறைவு இருக்கும்போது அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பாருங்கள்.

மாதவிடாய் தள்ளிப்போனால் முதல் வேலை கர்ப்பப் பரிசோதனை. இல்லை என்று தெரிந்தால் மகப்பேறு மருத்துவரிடம் போய் ஸ்கேன் பாருங்கள். கருமுட்டை வெளிவராத மாதங்களில் கருப்பையின் உட்சவ்வு தடித்துக்கொண்டே போய், பிறகு மொத்தமாக உதிரும். தாமதமும் அதிகப் போக்கும் சேர்ந்து வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), தைராய்டு, புரோலாக்டின் மூன்றையும் பார்த்துவிடுவார்கள். புரோலாக்டின் பால் சுரக்கவைக்கும் ஹார்மோன், தூக்கத்தில் ஏறும். ஆகவே எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்தே ரத்தம் கொடுங்கள். சுழல் ஷிப்ட் பார்க்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்கு தவறுவது அதிகம் என்று ஆய்வுகளிலும் தெரிகிறது. இதை உங்கள் குறையாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

தூக்கம் பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஒத்துக்கொள்ள முடியாது. 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நல்ல ஆரோக்கியமானவர்களை 14 நாள் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுச் சோதித்தார்கள். முடிவில் அவர்களுடைய கவனம், இரண்டு இரவுகள் வரை கொஞ்சமும் தூங்காதவர்கள் அளவுக்குச் சரிந்திருந்தது. ஆனால் அவர்களுக்கோ அவ்வளவு தூக்கக் கலக்கம் இருப்பதாகத் தோன்றவில்லை. உடம்பு பழகவில்லை, குறைவது நமக்கு உறைக்காமல் போகிறது, அவ்வளவுதான். நீங்களோ ஐந்து மணி நேரம். மறதியும் எரிச்சலும் அங்கிருந்தும் வரும்.

எடையும் அப்படித்தான். நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு பகுதி உடம்புக்கு நேரம் சொல்கிறது. கண்ணில் படும் வெளிச்சம்தான் அதற்குச் சாவி கொடுக்கிறது. இருட்டியதும் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கும், கணையம் இன்சுலின் விஷயத்தில் சுணங்கும். நடுராத்திரி இரண்டு மணிக்கு மில் கேன்டீனில் கிடைக்கும் பரோட்டாவும் சர்க்கரை போட்ட டீயும், அதே அளவில் மதியம் சாப்பிட்டால் ஏறுவதைவிட ரத்தச் சர்க்கரையை அதிகமாக ஏற்றும். 2021-இல் பாஸ்டனில் 19 பேரைச் செயற்கையான நைட் ஷிப்டில் வைத்துப் பார்த்தார்கள். ராத்திரியிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரிச் சர்க்கரை 6.4 சதவீதம் கூடியது. அதே நைட் ஷிப்டில் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. சின்ன ஆய்வுதான், ஆனால் என்னிடம் வரும் ஷிப்ட் தொழிலாளர்களிடம் நான் பார்ப்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறி, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும். சிகாகோவில் 2004-இல் இளைஞர்கள் 12 பேரை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவைத்தபோது கிரெலின் 28 சதவீதம் கூடியது, லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. இனிப்பும் மாவுப் பலகாரமும் கேட்டு நாக்கு அலைவதற்கு இந்த ஹார்மோன்கள் காரணம். மன உறுதி இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

நைட் ஷிப்ட் வாரத்துக்கு நான் சொல்லும் முறை இது. வேலைக்குக் கிளம்புமுன் எட்டரை, ஒன்பதுக்குள் முழுச் சாப்பாடு: சோறு அளவாக, குழம்பில் பருப்போ கொண்டைக்கடலையோ, முருங்கைக் கீரைப் பொரியல், ஒரு முட்டை. கீரைமேல் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு சேர்வதற்கு உதவும். பன்னிரண்டு முதல் ஐந்து வரை வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். பசித்தால் ஒரு கைப்பிடி சுண்டல் அல்லது மோர் போதும். கடைசி டீ ஒரு மணிக்குள் முடியட்டும். டீயில் உள்ள கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஐந்து மணி நேரம் ஆகும். நாலரை மணிக்குக் குடித்த டீயின் பாதி காலை ஒன்பதரைக்கும் உங்கள் மூளையில் இருக்கும். மாதவிடாயை ஒழுங்குபடுத்த ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் கஃபீன் இன்னும் மெதுவாகத்தான் வெளியேறும், அப்போது டீயை இன்னும் முன்னதாக நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு இட்லி போல லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், பசியோடு படுத்தால் சீக்கிரம் முழிப்பு வரும்.

மில் வேனில் வரும்போது காலை வெயில் முகத்தில் அடிக்கும். அந்த வெளிச்சம் மூளைக்கு விடிந்துவிட்டது என்று சொல்லிவிடும். கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளுங்கள், திரையை இழுத்துவிடுங்கள். நீங்களே வண்டி ஓட்டி வருவதாக இருந்தால் மட்டும் கண்ணாடி வேண்டாம், தூக்கக் கலக்கத்தில் அது ஆபத்து. அறையை நன்றாக இருட்டாக்க வேண்டும். பழைய போர்வையை ஜன்னலில் கட்டினாலும் சரி. பன்னிரண்டரைக்கு மேல் தூக்கம் வராவிட்டால் மல்லுக்கட்ட வேண்டாம். மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை இன்னொரு தூக்கம் போடுங்கள். இரண்டும் சேர்ந்து ஆறரை, ஏழு மணி நேரம் வரவேண்டும். இதற்கு வீட்டு ஆதரவு வேண்டும். பகலில் பெண் படுத்தால் கதவைத் தட்டுவார்கள், குக்கர் வைக்க எழுப்புவார்கள், பிள்ளை பள்ளிவிட்டு வந்ததும் அம்மாவைத்தான் தேடும். உங்கள் கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்து இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். அந்த மாலை ஒன்றரை மணி நேரம் உங்களுக்கு மருந்து மாதிரிதான். மில்லிலும் பேசிப் பாருங்கள்: ஷிப்ட் மாறும்போது பகல், பிறகு மாலை, பிறகு இரவு என்ற வரிசையில் மாறினால் உடம்பு ஓரளவு ஈடுகொடுக்கும், தலைகீழாக மாறினால் கஷ்டம்.

தோழி தரும் தூக்க மாத்திரையைத் தொடாதீர்கள். அல்பிரசோலம் போன்றவை கைக்குக் கை மாறுவதை நான் நிறையப் பார்க்கிறேன். சில வாரத்தில் பழக்கமாகிவிடும், திடீரென்று விட்டால் தூக்கம் முன்பைவிட மோசமாகும். குறட்டை உள்ளவருக்கு மூச்சையும் தடுக்கும். நீங்கள் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். ஆம் என்றால் தூக்கப் பரிசோதனை வேண்டும். மெலட்டோனின் இப்போது வேண்டாம். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு அதனால் கிடைக்கும் பலன் குறைவு. கர்ப்பம் இல்லை என்று உறுதியாகாமல் அதை எடுக்கவும் கூடாது. காலைக் குடையவைக்கும் இரும்புக் குறைவை அது தீர்க்காது.

எரிச்சல் தாண்டி, எதிலும் ஈடுபாடு இல்லாமல், அழுகையாக இரண்டு வாரம் நீடித்தால் அதைத் தூக்கத்தின் மேல் பழி போட்டுத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். உயிர் வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் உடனே அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இரும்பு மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அளவை மருத்துவர் சொல்லட்டும். நாள் விட்டு நாள் ஒரு மாத்திரை எடுத்தால் வயிற்றுத் தொந்தரவு குறையும், உடம்பும் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் நன்றாக உறிஞ்சும். எலுமிச்சைச் சாறோடு, பால், டீ, கால்சியம் மாத்திரை எதுவும் சேர்க்காமல் விழுங்குங்கள். பிறகு தைராய்டு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டுக்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். நாலு வாரத்தில் மறுபடி ஹீமோகுளோபின் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டு கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறியிருந்தால் இயல்பு நிலைக்கு வந்த பிறகும் மூன்று மாதம் தொடருங்கள், சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் ஆகும். ஏறவில்லை என்றால் மாத்திரையை மட்டும் கூட்டிக்கொண்டே போகாமல், குடற்புழு, மூலம், குடலில் உறிஞ்சாத நோய் என்று இரும்பு ஏன் சேரவில்லை என்பதைத் தேட வேண்டும்.