ராணி போன ராத்திரி

வணக்கம் சகோ. ஜெயிக்க வேண்டிய செஸ் ஆட்டத்தில் ராணியைப் பறிகொடுத்தேன், அதே நினைப்பில் அடுத்த சுற்றும் போச்சு, ஆபீஸிலும் கவனம் ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனசு கனத்தது.

2022 மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் வரிசையாக 8 ஆட்டம் வென்ற குகேஷ், 10வது சுற்றில் உஸ்பெகிஸ்தான் வீரர் அப்துசத்தோரோவிடம் கைக்கு வந்த வெற்றியை நழுவவிட்டுத் தோற்றார். 2024 உலகப் பட்டப் போட்டியிலும் முதல் ஆட்டம் தோல்விதான். 3வது ஆட்டத்தில் மீண்டார், கடைசியில் பட்டமும் வென்றார்.

சரி, நீங்கள் இன்றிரவு ஆட்டத்தை அலசிக் காட்டும் செஸ் எஞ்சினைத் (கணினி நிரல்) திறக்காதீர்கள். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள். நாளை ஒரு நோட்டில் அந்த நகர்த்தலின்போது என்ன நினைத்தீர்கள், கடிகாரத்தில் எவ்வளவு நேரம் இருந்தது, இரண்டை மட்டும் எழுதுங்கள். என் நோட்டில் ஒரே மாதத்தில் மூன்று முறை "குதிரையைப் பார்க்கவில்லை" என்றிருந்தது. அப்புறம்தான் காய் தொடுமுன் எதிராளியின் குதிரைகளைத் தேடப் பழகினேன். ஆபீஸ் தவறுகளுக்கும் இதே நோட்டுதான்.