தாத்தாவுக்கு டிமென்ஷியா இருந்தது. அப்பாவுக்கும் வருமா? தடுக்க வழி உண்டா?

கேள்வியில் மூன்று விஷயங்கள் கேட்டிருக்கிறீர்கள். தாத்தா டிமென்ஷியாவோடு, அதாவது நினைவும் சிந்தனையும் மெல்ல மெல்லக் குறையும் மறதி நோயோடு, வாழ்ந்து இறந்தார். 58 வயதாகும் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, காதும் கொஞ்சம் மந்தம். அவருக்கும் இந்த நோய் வருமா? வராமல் தடுக்க முடியுமா? வீட்டுக்குள் நடக்கிற இந்தக் கஷ்டத்தை ஏன் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கிறார்கள்?

நான் மருத்துவர் இல்லை. என் மாமியாரை டிமென்ஷியாவோடு பல வருடமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இந்த நோயைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவரோடு இருந்து கற்றது, மீதி அவருக்காகத் தேடிப் படித்தது.

முதலில் பரம்பரை. தாத்தாவுக்கு இருந்ததால் அப்பாவுக்கு வந்தே தீரும் என்று இல்லை. ஒரே ஒரு மரபணுக் கோளாறு தலைமுறை தலைமுறையாக இறங்கி, நாற்பது ஐம்பது வயதிலேயே நோயைக் கொண்டுவரும் குடும்பங்கள் உலகில் மிகக் குறைவு. அறுபத்தைந்து எழுபதுக்கு மேல் வரும் சாதாரண வகையில் ஏ.பி.ஓ.ஈ.4 என்ற மரபணு வகை ஆபத்தைக் கூட்டும். ஆனால் அது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. அதனால் தாத்தாவை நினைத்துப் பயப்படுவதைவிட, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த இரண்டையும் கவனிப்பது நல்லது: சர்க்கரை, காது.

மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது வருடம் முன்பே மூளைக்குள் மாற்றம் தொடங்கிவிடுகிறது. எழுபத்தைந்தில் வரும் நோய்க்கு ஐம்பதில் எப்படி இருந்தோம் என்பதும் காரணம். இதை ஆராயும் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, நம்மால் மாற்றக்கூடிய காரணங்கள் என்று 2017-இல் 9-ஐச் சொன்னது, 2020-இல் 12 ஆக்கியது, 2024-இல் 14 ஆக்கியது. இந்தப் பதினான்கையும் முழுமையாக ஒழிக்க முடிந்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. இது மக்கள் தொகை முழுவதற்குமான கணக்கு. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த ஒருவருக்கும் நோய் வரலாம். அப்படி வந்தால் அது அவர் குற்றமும் இல்லை, குடும்பத்தின் குற்றமும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம், நோயாளியின் பிள்ளைகளையும் மருமகள்களையும் உறவினர்கள் குற்றவாளி போலப் பார்ப்பதை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

எங்கள் அத்தைக்கு ரத்தக்கொதிப்பு இருந்தது. தலைசுற்றல் நின்றால் மாத்திரையும் நின்றுவிடும். "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்பார். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் மாத்திரை சாப்பிடுகிறார்கள். பின்னால் ஸ்கேன் எடுத்தபோது, கை கால் விழாமலே, யாருக்கும் தெரியாமலே மூளைக்குள் சின்னச் சின்ன ரத்தநாளங்கள் பல இடங்களில் அடைபட்டிருந்ததை மருத்துவர் காட்டினார். ரத்தக்குழாய் கெட்டு வரும் இந்த வகையும், டிமென்ஷியாவில் மிகச் சாதாரணமான வகையான அல்சைமரும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது முதியவர்களிடம் சாதாரணம் என்றார். கொதிப்பும் சர்க்கரையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று நமக்குத் தெரிந்திருக்கிறது. மூளையையும் அதே மாதிரி கெடுக்கும் என்று யாராவது அன்றே எங்களிடம் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்தது காது. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், ஏனென்றால் நம் ஊரில் யாரும் கண்டுகொள்ளாத காரணம் இதுதான். அந்த 14-இல் மிக அதிகப் பங்கு, தலா 7 சதவீதம், இரண்டுக்கு: நடுவயதில் கேட்கும் திறன் குறைவது, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கூடுவது. காதுக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் கேட்டேன். பாதி கேட்டும் கேட்காமலும் வரும் பேச்சைக் கோத்துப் புரிந்துகொள்ளவே மூளையின் பலம் செலவாகிவிடுகிறது. ஒலி வருவது குறைந்தால் அந்தப் பகுதிகளுக்கு வேலையும் குறைகிறது. எல்லாவற்றையும்விடப் பெரியது, காது கேட்காத மனிதர் மெல்ல மெல்லக் கூட்டத்தை விட்டு விலகுவது. கல்யாண வீட்டில் ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்காருவார். போன் வந்தால் "நீயே பேசு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பார். திண்ணைப் பேச்சு நின்றுபோகும். தனிமையும் மனச்சோர்வும் அந்தப் பட்டியலில் தனித்தனிக் காரணங்களாகவே இருக்கின்றன. நம் வீடுகளில் இவை இரண்டும் பல சமயம் காது வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

கண் மங்கினால் கண்ணாடி போட நமக்குக் கூச்சம் இல்லை. காதில் கருவி மாட்டச் சொன்னால் மட்டும் "நான் என்ன செவிடா?" என்று கோபம் வருகிறது. விலையும் ஒரு தடை, மறுக்கவில்லை. கருவி மாட்டினால் டிமென்ஷியா வரவே வராது என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மூன்று வருடம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவாகப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகம் இருந்த முதியவர்களிடம், கேட்புக் கருவி போட்டவர்களுக்கு நினைவாற்றல் சரியும் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எனக்கு இது போதுமான காரணம்.

புகை, அளவு மீறிய குடி, உடல் பருமன், உடல் உழைப்பு இல்லாதது, கண் பார்வைக் குறைவு எல்லாம் பட்டியலில் உண்டு. தலையில் படும் பலத்த அடியும் உண்டு. டூவீலரில் ஹெல்மெட் போடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இது.

படிப்பு ஒரு காரணம் என்பதுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. சிறுவயதில் பள்ளிக்குப் போய் மூளையைப் பழக்கியவர்களுக்கு, பின்னாளில் மூளை கொஞ்சம் கெட்டாலும் சமாளிக்கக் கையிருப்பு இருக்கிறது. 1951 கணக்கெடுப்பின்போது இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பேர். எங்கள் அத்தை அந்தக் காலத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு நிறுத்தி, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பிறகு காலமெல்லாம் விறகு அடுப்புப் புகையில் சமையல். காற்று மாசும் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாகக் கணக்கிட்டார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு, நகரத்தைவிடக் கிராமத்தில், படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு அதிகம். படிக்க வைக்காத பெண்களுக்கு முதுமையில் வந்து சேரும் அநியாயம் இது. 1950-களில் காமராசர் ஆட்சியில் மதிய உணவு போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தார்களே, அது அறுபது எழுபது வருடம் கழித்து மூளையைக் காக்கும் வேலையையும் சேர்த்தே செய்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. உலகில் சுமார் 5.7 கோடிப் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது, ஆண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிக்கு மேற்பட்டவர்கள் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதமாவார்கள் என்று மத்திய அரசின் மதிப்பீடு. பிள்ளைகளும் ஒன்று, இரண்டு என்று குறைந்துவிட்டார்கள். அவர்களும் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். அப்படியானால் யார் பார்த்துக்கொள்வது?

2019-இல் இந்த நோயால் உலகுக்கு ஆன செலவு 1.3 லட்சம் கோடி டாலர். அதில் ஏறத்தாழப் பாதி, குடும்பத்தார் சம்பளம் இல்லாமல் செய்யும் பராமரிப்பின் மதிப்பு. அந்த உழைப்பில் 70 சதவீதம் பெண்களுடையது. இந்த எண்ணைப் படித்தபோது என் வீடே அதற்குள் இருப்பதாகத் தோன்றியது. நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டேன். சாயந்திரம் ஆனால் அத்தைக்குப் பதற்றம் வந்துவிடும். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும், அம்மா தேடுவா" என்று வாசலுக்குப் போவார். வளையலை நான் திருடிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்வார். ராத்திரி மூன்று முறை எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கப் பார்ப்பார். நாத்தனார் வந்து ஒரு வாரம் இருந்தால்தான் நான் முழுத் தூக்கம் தூங்குவேன். அத்தையிடம் எனக்கு ஒரு துளி கோபம் கிடையாது, நோய் பேசுகிறது என்று தெரியும். ஆனால் என் முதுகுவலியும் தூக்கமின்மையும் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் ஏறாது. லட்சக்கணக்கான வீடுகளில் ஒருவருக்கு நோய் வந்து இரண்டு பேர் உடம்பு கெட்டால் அது எப்படிக் குடும்ப விஷயமாக மட்டும் இருக்கும்?

"வயசானா அப்படித்தான்" என்ற பேச்சுதான் இதில் பெரிய கேடு செய்கிறது. சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயது. காலமெல்லாம் வைத்த புளிக்குழம்புக்கு அடுத்து என்ன போடுவது என்று தெரியாமல் அடுப்பு முன்னால் திகைத்து நிற்பது வயது அல்ல. எங்கள் வீட்டில் கவனித்த முதல் அறிகுறி அதுதான். அந்தக் கட்டத்திலேயே மருத்துவரிடம் போனால் இன்னொரு பலனும் உண்டு. பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு, கீழே விழுந்ததில் மண்டைக்குள் தேங்கிய ரத்தம் ஆகியவையும் டிமென்ஷியா போலவே காட்டும், கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவை. அல்சைமருக்கு லெகானெமாப் போன்ற புது மருந்துகள் வந்திருக்கின்றன, ஆனால் ஆரம்பக் கட்டத்தில் மட்டும், சரிவைக் கொஞ்சம் மெதுவாக்கத்தான் பயன்படுகின்றன. விலையும் அதிகம், மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வரும் அபாயமும் உண்டு.

2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தருகிறார்கள். என் பார்வையில் அது பெரிய டிமென்ஷியா தடுப்புத் திட்டமும்தான். மாத்திரை கொண்டு வருகிற பெண் பணியாளர்களே "பெரியவருக்குக் காது கேட்கிறதா, ஞாபகம் எப்படி இருக்கிறது, பார்த்துக்கொள்கிற நீங்கள் தூங்குகிறீர்களா?" என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டும், பதிலை எழுதி எடுத்துப்போக வேண்டும் என்பது என் ஆசை. பராமரிப்பவர் ஓய்வெடுக்க, முதியவரைப் பகலில் விட்டு அழைத்து வரும் இடம் ஒவ்வொரு தாலுகாவிலும் வேண்டும். இப்போது அப்படிப்பட்ட இடங்கள் பெருநகரங்களில் சில இருக்கின்றன, சிற்றூர்க்காரர்களுக்கு எட்டாது.

உங்கள் அப்பாவுக்கு வருவோம். 58 வயது என்பது மிக நல்ல நேரம். முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போய்ச் செவித்திறன் பரிசோதனை செய்யுங்கள். சில சமயம் காதில் அடைத்த அழுக்கை எடுத்தாலே கேட்கத் தொடங்கிவிடும். கருவி வேண்டும் என்றால் வாங்கி, முதல் சில வாரம் இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைக்காமல் பழக உதவுங்கள். சர்க்கரைக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை, கொதிப்பு, எல்.டி.எல். மூன்றையும் ஒரே நாளில் பாருங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்துகிறாரா என்று அம்மாவிடம் கேளுங்கள், அவரிடம் கேட்டால் இல்லை என்பார். காலையில் நடக்கப் போகும்போது துணைக்கு ஒரு நண்பர் இருக்கட்டும், பேச்சும் நடையும் சேர்ந்து நடக்கும். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்யப் போகிறார் என்று இப்போதே பேசுங்கள். நாலு பேரைப் பார்க்கிற ஏதாவது ஒரு வேலை, சங்கக் கணக்கோ கோயில் காரியமோ, கையில் இருக்க வேண்டும். தாத்தாவைப் பார்த்துக்கொண்டது உங்கள் அம்மா என்றால், அவருக்கும் இதே பரிசோதனைகளை அதே நாளில் செய்யுங்கள்.